ஏழு பெரிசா, ஒன்பது பெரிசா?

காலாண்டுப் பரீட்சை மார்க் வந்ததும் பல வீடுகளில் ஒரே கச்சேரிதான். "தமிழ்ல எண்பது, சயின்ஸ்ல எழுபத்தஞ்சு, கணக்குல மட்டும் பதினெட்டா? எல்லாம் திமிர்!" என்று ஆரம்பித்து, முதுகில் இரண்டு வைப்பதில் போய் முடியும். சகோதரிகளே, கையை ஓங்குவதற்கு முன்னால் இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் குழந்தைகளைப் பற்றி இப்போது பலருக்கும் தெரியும். அதே மாதிரி, எண்களோடு மல்லுக்கு நிற்கும் குழந்தைகளும் உண்டு. இதற்கு டிஸ்கால்குலியா என்று பெயர். நூறு குழந்தைகளில் மூன்று முதல் ஏழு பேருக்கு இருக்கலாம் என்கிறார்கள். எண்ணையும் அளவையும் மூளை புரிந்துகொள்ளும் விதத்திலேயே உள்ள வித்தியாசம் இது. சில குடும்பங்களில் அப்பாவுக்கோ அத்தைக்கோ கூட இருந்திருக்கும். அந்தக் காலத்தில் "மக்கு" என்று முத்திரை குத்தி மூலையில் உட்கார வைத்திருப்பார்கள்.

எங்கள் தெருவில் நாலாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி. கதைப் புத்தகத்தை மடமடவென்று படிப்பாள். ஆனால் நூற்றி இரண்டு எழுதச் சொன்னால் 1002 என்று எழுதுவாள். நூறு, அதன் பக்கத்தில் இரண்டு. காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறாள்! பரமபதத்தில் நாலு விழுந்தால், புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவாள். ஏழு பெரிசா, ஒன்பது பெரிசா என்று கேட்டால் விரலைத் தேடுவாள். கணக்குப் பரீட்சையன்று வயிற்று வலி வந்துவிடும். நடிப்பு என்று நினைக்காதீர்கள். பயம் வந்தால் நிஜமாகவே வயிறு வலிக்கும். கணக்கில் பட்ட அவமானம் முற்றிப்போனால், குழந்தை பள்ளிக்கூடத்தையே வெறுத்துவிடும்.

அவள் அம்மா டியூஷன் வைத்துப் பார்த்தார். அங்கேயும் அதே வாய்ப்பாட்டை ஒப்பித்ததுதான் மிச்சம். இந்தக் குழந்தைகளுக்கு எண்ணைக் கண்ணால் பார்த்து, கையால் தொட வேண்டும். அதற்கு நம் வீட்டிலேயே வழி இருக்கிறது.

புளியங்கொட்டைகளைப் பரப்பி, எந்தக் குவியல் அதிகம் என்று முதலில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், அப்புறம் எண்ணட்டும். தீக்குச்சிகளின் மருந்தைக் கிள்ளிவிட்டு, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். இரண்டு கட்டு, மூன்று குச்சி என்றால் இருபத்து மூன்று. இப்படிப் பத்துக் கட்டு சேர்ந்தால்தான் நூறு என்று கையில் பிடித்துப் பார்த்த பிறகு 102 புரியும். எண்பதுக்கு அப்புறம் தொண்ணூறு என்று வருவதும் குழப்பும். "நூறு" காதில் விழுகிறதே! அங்கே ஒன்பது கட்டுகளை அடுக்கிக் காட்டுங்கள். கணக்குப் போடக் கட்டம் போட்ட நோட்டு வாங்கிக் கொடுத்தால் இலக்கங்கள் இடம் மாறாது. தினம் கால் மணி நேரம் போதும். அழ ஆரம்பித்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

கணக்கு வராத எல்லாக் குழந்தைக்கும் இதுதான் என்று நீங்களே முடிவு கட்டிவிட வேண்டாம். கண், காது சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காய்ச்சல், ஊர் மாற்றம் என்று பாடம் விட்டுப் போயிருந்தாலும் கணக்கு தடுமாறும். எட்டு வயசாகியும் சிரமம் நீடித்தால், டீச்சரிடம் பேசிவிட்டு, குழந்தை மனநல நிபுணரிடமோ சிறப்பு ஆசிரியரிடமோ காட்டுங்கள். மூளை டானிக், மாத்திரை என்று காசைக் கரைக்காதீர்கள். இதற்கு மருந்து கிடையாது, கற்றுக்கொடுக்கும் முறைதான் வைத்தியம். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்தக் குறைபாடும் பேர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. முறைப்படி சான்றிதழ் வாங்கினால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கேட்கலாம்.

"பொம்பளைப் பிள்ளைக்குக் கணக்கு எதுக்கு?" என்று சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள். கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்க, பஸ் நேரம் பார்க்க, மருந்தை அளவாக ஊற்ற, எல்லாவற்றுக்கும் அவளுக்குக் கணக்கு வேண்டும். விருந்தாளிகள் முன்னால் மார்க்கைச் சொல்லிச் சிரிப்பதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். நாளைக்குப் புளி கோதும்போது, கொட்டைகளைத் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள்.