வணிகர் வாழ்க்கையும் வாழ்த்துரைகளும்

நம் மொழியில் வெளிவரும் வாழ்க்கை வரலாற்று நூல்களிற் பல ஒரே அச்சில் வார்க்கப்பட்டவையாகத் தோன்றுகின்றன. ஏழ்மையிற் பிறந்தார்; கடல் கடந்தார்; அயராது உழைத்தார்; பெருஞ்செல்வரானார்; அறஞ்செய்து மறைந்தார். மாணவருக்கு ஊக்கமூட்ட வேண்டும் என்னும் நல்லெண்ணமே இதற்குக் காரணமாகலாம். ஆயினும், அவ்வச்சில் அடங்காத செய்திகள் யாவும் கழிக்கப்பட்டபின் எஞ்சுவது வாழ்த்துரையே. பவேரியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்த யூதப் புடவை வணிகர் லெவி ஸ்ட்ராஸின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும். இன்று உலகெங்கும் அணியப்படும் நீலக் காற்சட்டையோடு அவர் பெயர் ஒன்றிவிட்டது.

அவர் 1829-ஆம் ஆண்டு பவேரியாவைச் சேர்ந்த புட்டன்ஹைம் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் துணிமணிகளைச் சுமந்து ஊரூராக விற்றவர். 1813-ஆம் ஆண்டின் அரசாணையொன்று அந்நாட்டில் ஒவ்வோர் ஊரிலும் வாழத்தக்க யூதக் குடும்பங்களின் தொகையை வரையறுத்திருந்தது. பதிவேட்டில் இடம்பெற்ற குடும்பத்துக்கே குடியிருக்கும் உரிமையுண்டு. அவ்விடம் வெற்றிடமானாலன்றி இளைஞனொருவன் மணம்புரிந்து புதுக்குடும்பம் அமைத்தல் அரிது. 1861 வரை நிலைத்திருந்த இவ்விதி எத்தனையோ இளைஞரைக் கப்பலேற்றியது. 1846-இல் தந்தையார் காசநோயால் இறந்தார். அடுத்த ஆண்டு, பதினெட்டு வயதினராய், தாயுடனும் சகோதரிகள் இருவருடனும் லெவி நியூயோர்க் சென்றார். அங்கே தமையன்மார் ஏற்கெனவே புடவை வாணிகம் நடத்திவந்தனர். 1853-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, அவ்வாண்டிலேயே சான் பிரான்சிஸ்கோவை அடைந்து மொத்த வாணிகத்தைத் தொடங்கினார். ஆகவே, அவரது பயணத்தை உந்தியது செல்வவேட்கை மட்டுமன்று. பிறந்த மண்ணின் சட்டமுமாகும்.

இனி, அவரைப்பற்றி வழங்கும் கதையை நோக்குவோம். கலிபோர்னியாவிற் பொன் தேடி அலைந்தோருக்குக் கூடாரத்துணி விற்கச் சென்றார் என்றும், அது விலைபோகாமையால் அத்துணியையே காற்சட்டையாகத் தைத்தார் என்றும் கூறுவர். கேட்க இனிய கதை, ஆனால் உண்மையன்று. அவர் கடைகளுக்குத் துணியும் போர்வையும் கைக்குட்டையும் ஆயத்த ஆடையும் வழங்கிய மொத்த வணிகர். 1906 ஏப்பிரலில் நிகழ்ந்த நிலநடுக்கத்திலும் தீயிலும் நிறுவனத்தின் ஏடுகள் அழிந்தன. ஏடுகள் மறைந்த இடத்திற் கதை குடிபுகுந்தது.

உண்மை வரலாற்றிலோ இன்னொரு மனிதர் நிற்கிறார். ஜேக்கப் டேவிஸ் என்பவர் ரீகாவிற் பிறந்து புலம்பெயர்ந்த யூதத் தையற்காரர். நெவாடாவின் ரீனோ நகரிற் கடை வைத்திருந்தவர். தொழிலாளியொருவரின் மனைவி, தன் கணவருக்குக் கிழியாத காற்சட்டை வேண்டுமெனக் கேட்டாள். குதிரைப் போர்வைகளில் வார்களைப் பிணைக்கப் பயன்பட்ட செப்புத் தறையாணிகளை அவர் காற்சட்டைப் பைகளின் மூலைகளில் அடித்திறுக்கினார். அவர் பயன்படுத்திய துணி ஸ்ட்ராஸின் நிறுவனத்திலிருந்து வாங்கியது. காற்சட்டைகள் விரைந்து விலைபோயின. அக்கண்டுபிடிப்புக்கு ஆக்கவுரிமை பெறவேண்டிய 68 டொலரைத் தாமே செலவிடும் நிலையில் டேவிஸ் இருக்கவில்லை. எனவே, 1872-இல் தமக்குத் துணி வழங்கும் வணிகருக்குக் கடிதமெழுதினார். 1873 மே 20-ஆம் நாள் ஆக்கவுரிமை கிடைத்தது. டேவிஸ் கண்டுபிடிப்பாளராகவும், அவரும் நிறுவனமும் உரிமையாளராகவும் பதிவாயினர். தொழிற்சாலையின் மேற்பார்வையும் டேவிஸிடமே ஒப்படைக்கப்பட்டது. எனினும், இன்று அந்த ஆடையோடு வழங்குவது முதலிட்டவரின் பெயரேயன்றி, ஆணியறைந்தவரின் பெயரன்று. கையின் திறமையைவிடக் கையிருப்பே பெயரை நிலைநாட்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

வாழ்த்துரைகள் கூறாத செய்தி இன்னுமொன்றுண்டு. 1870-களில் கலிபோர்னியாவிற் சீனத் தொழிலாளருக்கு எதிரான கிளர்ச்சி மூண்டது. 1882-இல் அமெரிக்க அரசு சீனத் தொழிலாளரின் குடிவரவைத் தடைசெய்தது; அச்சட்டம் நீங்க 1943 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. அக்காலத்தில், தம் ஆடைகள் வெள்ளையர் உழைப்பால் ஆனவை என்று ஸ்ட்ராஸின் நிறுவனம் விளம்பரஞ் செய்தது. 2022-இல் நியூ மெக்சிக்கோவில் 1880-களைச் சேர்ந்த காற்சட்டையொன்று 87,000 டொலருக்கு மேல் ஏலம்போனது. அதன் பையின் உட்புறத்தில் அவ்விளம்பரம் அச்சிடப்பட்டிருந்தது. யூதரை எண்ணிக்கையால் வேலியிட்ட நாட்டிலிருந்து வந்தவரின் நிறுவனம், வேறோர் இனத்தாரை வேலிக்கு வெளியே நிறுத்திப் பொருளீட்டியது. தாம் பட்ட துன்பம் மனிதரைத் தானாகவே அறவோராக்கிவிடும் என்று நம்புவோர் இவ்விடத்திற் சற்று நின்று சிந்திக்கவேண்டும்.

ஒருவர் செய்த நன்மைகளை விடுத்துக் குற்றங்களைத் துருவுதல் பண்பாகுமா எனச் சிலர் வினவலாம். நன்மைகளை மறைக்கவேண்டும் என்பது நம் கருத்தன்று. 1897-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 28 புலமைப்பரிசில்களுக்கு அவர் பொருளுதவினார். 1902-இல் மணமாகாதவராகவே மறைந்தபோது, வாணிகத்தைச் சகோதரியின் மைந்தர் நால்வருக்கு விட்டுச்சென்றார். யூத அனாதை இல்லத்துக்கு மட்டுமன்றிக் கத்தோலிக்க, புரட்டஸ்தாந்து அனாதை இல்லங்களுக்கும் பொருள் ஒதுக்கினார். சமய எல்லை கடந்த இக்கொடையைப் போற்றாதார் யார்? அக்காலத்துக் கலிபோர்னியாவில் அத்தகைய விளம்பரஞ் செய்தோர் அவர் நிறுவனத்தார் மட்டுமல்லர் என்பதும் மெய்யே. ஆயின், காலத்தின் குற்றம் என்று கூறிக் குற்றத்தையே ஏட்டிலிருந்து நீக்கிவிட்டால், அக்காலத்தை நாம் அறிவது எங்ஙனம்?

வணிகர் தம் பேரேட்டிற் பற்றும் வரவும் இரண்டையும் எழுதுவர். வரவை மட்டும் எழுதுங் கணக்கர் வேலையில் நிலைப்பதில்லை. வணிகரின் வாழ்க்கையை எழுதுவோர் மட்டும் அந்நேர்மைக்குக் கட்டுப்படாதிருத்தல் எவ்வாறு பொருந்தும்?

லெவி ஸ்ட்ராஸின் கதையை வகுப்பறையிற் கூறவிரும்பும் ஆசிரியர் தாராளமாகக் கூறலாம். பவேரியாவின் பதிவேட்டையும், ரீனோவின் தையற்காரரையும், சீனத் தொழிலாளரையும், அனாதை இல்லங்களையும் சேர்த்தே கூறுக. அவ்வாறு கூறின், உழைத்தால் உயரலாம் என்பதோடு, உயர்ந்தோர் யார் தோள்மீது நின்றனர், யாரை வெளியே நிறுத்தினர் என்று கேட்கவும் மாணவர் கற்றுக்கொள்வர். கேட்கத் தெரிந்த தலைமுறைக்கு வாழ்த்துரைகள் தேவைப்படா.