மொட்டைமாடி அத்தி: ஒரு கொள்கைப் பிரகடனம்

தமிழ்நாட்டு நகரங்களில் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து விற்கும் உலர்த்தாத அத்தியைப் பழம் என்று ஒப்புக்கொள்ள நாங்கள் மறுக்கிறோம். அதை விளைவித்தவர் மேல் எங்களுக்கு வருத்தமில்லை, விற்பவர் மேலும் இல்லை. மரத்திலேயே முழுதாய்ப் பழுத்த அத்தி ஓரிரு நாளுக்கு மேல் தாங்காது. புனேவை அடுத்த புரந்தரிலிருந்தோ பெல்லாரியிலிருந்தோ லாரி ஏறி வர வேண்டிய பழத்தைச் செங்காயாகப் பறிப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி கிடையாது. ஆனால் அத்தி வைக்கோலில் வைத்துப் பழுக்கவிடும் சாதி இல்லை. பறித்த பிறகு நிறம் மாறும், தொட்டால் மெத்தென்று இருக்கும். ருசி மட்டும் பறித்த அன்று எங்கே நின்றதோ அங்கேயே நிற்கும். காம்பு தளர்ந்து தலை தொங்கி, தோலில் மெல்லிய கீறல் விழுந்து, அடிக்கண்ணில் ஒரு சொட்டுத் தேன் எட்டிப் பார்க்கும் பழம் வேண்டுமென்றால் மரம் வீட்டில் இருக்க வேண்டும். தரையில்லாத வீட்டுக்காரர் மரத்தை மாடிக்கு ஏற்ற வேண்டும். அதற்காகத்தான் கூடியிருக்கிறோம்.

எந்த அத்தி என்பதைச் சொல்லிவிடுகிறோம். வாய்க்கால் ஓரத்தில் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் நாட்டு அத்தி, காஞ்சிபுரத்தில் 1979-லும் 2019-லும் குளத்திலிருந்து எழுந்தருளிய அத்தி வரதரின் அத்தி, அது வேறு மரம். அதன் மேல் பக்தியும் மரியாதையும் உண்டு. இந்தப் பிரகடனத்தில் அதற்கு இடமில்லை. நாங்கள் பேசுவது சீமை அத்தியைப் பற்றி. தாவரவியலில் அதன் பெயர் ஃபைகஸ் காரிகா. யோர்தான் பள்ளத்தாக்கில், எரிக்கோ நகருக்கு அருகே கில்கால் என்ற இடத்தில் கருகிய நிலையில் கிடைத்த ஒன்பது சிறு அத்திகள் 11,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. அவை மகரந்தம் சேராமலே காய்த்த வகை, ஆகவே மனிதர் குச்சி ஒடித்து நட்டு வளர்த்தவை என்று 2006-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். தானிய விவசாயத்துக்கும் முந்தியது என்ற அவர்களுடைய முடிவை மறுத்தவர்களும் உண்டு. அந்த வழக்கில் நாங்கள் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. குச்சி ஒடித்து நடுவது, நட்டதில் மிஞ்சியதை அடுத்தவருக்குக் கொடுப்பது என்ற அந்தப் பழைய வேலை மட்டும் எங்களுக்குப் போதும்.

ஒரு மரம் போதாதா, தொகுப்பு எதற்கு என்று கேட்பார்கள். பதில் கொஞ்சம் நீளமானது. இயக்கத்தின் முழு நியாயமும் அதில்தான் இருக்கிறது.

கலிபோர்னியாவின் ஐரா காண்டிட் 1955-ல் வெளியிட்ட அத்தி வகைகளின் தொகுப்பில் நூற்றுக்கணக்கான வகைகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குத் தோலின் நிறம், சதையின் நிறம், கண்ணின் அளவு, ருசி என்று குறிப்பு உண்டு. அத்தி பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பகுதி இப்படிக் கலிபோர்னியாவிலும் மத்தியதரைக் கடல் ஓரத்திலும் எழுதப்பட்டது. அங்கே கோடையில் மழை கிடையாது. பழம் வறண்ட காற்றில் பழுக்கும். நமக்கோ சித்திரை வெயிலில் மாடித்தளம் கொதிக்கும், ஐப்பசியில் வாரக்கணக்கில் வானம் ஊற்றும், நடுவில் கடற்கரை ஊர்களில் காற்றே ஈரத்துணியாய் இருக்கும். அங்கே பத்துக்குப் பத்து மதிப்பெண் வாங்கிய வகை இங்கே மழைநீரைக் கண் வழியே குடித்து, வெடித்து, புளித்து, வண்டுக்கு விருந்தாகலாம். அங்கே யாரும் சட்டை செய்யாத வகை இங்கே அருமையாகக் காய்க்கலாம். நம் ஊரின் வெயிலுக்கும் மழைக்கும் எது பொருந்தும் என்ற புத்தகம் எங்கள் மாடிகளில்தான் எழுதப்பட வேண்டும். ஒரு மாடியில் நான்கு வகை, தெருவுக்கு இரண்டு மாடி, ஊருக்கு ஊர் ஒரே விதமான குறிப்பு என்று சேர்ந்தால் பத்து ஆண்டுகளில் அது எழுதப்பட்டுவிடும்.

இது நடக்காத காரியம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் தென்கோடியில் லூசியானாவும் வெயிலும் புழுக்கமும் கோடை மழையும் உள்ள ஊர்தான். அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகம், கண் இறுக மூடிய பழம் எந்தக் கன்றில் வருகிறது என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, 1991-ல் எல்எஸ்யு பர்ப்பிள் என்ற வகையையும் பிறகு வேறு சிலவற்றையும் வெளியிட்டது. அத்தி ஈரக்காற்றுக்கு ஆகாது என்று அவர்கள் கைவிட்டுவிடவில்லை. நம் வேளாண் பல்கலைக்கழகமும் தோட்டக்கலைத் துறையும் கடலோர மாவட்டங்களில் அத்தி வகைச் சோதனைத் திடல் ஒன்றை வைக்க வேண்டும் என்பது எங்கள் முதல் கோரிக்கை. அதுவரை காத்திருக்க மாட்டோம் என்பது இரண்டாவது.

சேருகிறவர் முதலில் அறிய வேண்டியது அத்தியின் குணபேதம். எல்லா அத்தியும் தானாகக் காய்க்காது. பொதுவகை என்பது மகரந்தம் இல்லாமலே பழுக்கும். ஸ்மிர்னா வகைக்கு ஆண் அத்தியின் மகரந்தத்தைச் சுமந்து ஒரு சின்னஞ்சிறு குளவி உள்ளே நுழைந்தாக வேண்டும். சான் பெத்ரோ வகை பழைய கிளையில் முதல் போகத்தைத் தானாகத் தரும், புதுக்கிளையின் இரண்டாம் போகத்துக்குக் குளவியை எதிர்பார்க்கும். நான்காவது, அந்தக் குளவி வாழும் ஆண் அத்தி. கலிபோர்னியாக்காரர்கள் 1880-களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான ஸ்மிர்னா குச்சிகளை வாங்கி நட்டார்கள். மரம் செழித்தது, காய் பிடித்தது, பிடித்த காயெல்லாம் கோலிக்குண்டு அளவில் உதிர்ந்தது. துருக்கி வியாபாரிகள் ஏமாற்றிவிட்டார்கள் என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். 1899-ல் குளவி ஃபிரெஸ்னோவில் குடியேறிய பிறகுதான் வழக்கு முடிந்தது. அந்தக் குளவி நம் ஊர்களில் இல்லை. நாட்டு அத்திக்கு என்று ஒரு குளவி இருக்கிறது. அது சீமை அத்தியின் வேலையைச் செய்யாது. ஆகவே இந்த இயக்கத்தில் பொதுவகை அத்திக்கு மட்டுமே இடம். எவ்வளவு அழகான படம் காட்டினாலும் மற்றவற்றை வாங்குவதில்லை.

இதிலேயே இன்னொரு பயமும் தீர்கிறது. அத்திப்பழத்துக்குள் பூச்சி செத்துக் கிடக்கும், சைவர்கள் சாப்பிடலாமா என்று கேட்கிற மாமிகளுக்கும் மாமாக்களுக்கும் இந்தப் பிரகடனம் உறுதி கூறுகிறது: குளவியே வராத மாடியில் பழுத்த பொதுவகை அத்திக்குள் குளவி இருக்க முடியாது. எறும்பு இருக்கலாம். பிட்டுப் பார்த்துச் சாப்பிடவும்.

விதை விற்பவர்களை நாங்கள் எதிர்க்கிறோம். நீல அத்தி, பொன் அத்தி என்று இணையத்தில் பொட்டலம் விற்கிறது. அத்தி விதை தாயின் குணத்தை அப்படியே கொண்டுவராது. முளைப்பதில் ஏறக்குறையப் பாதி உண்ணத் தகாத ஆண் மரமாகப் போகும், மீதியிலும் பல குளவி கேட்கும். நான்கைந்து வருடம் தண்ணீர் ஊற்றிய பிறகு தெரியவரும் ஏமாற்று என்பதால்தான் அந்த வியாபாரம் ஓடுகிறது. அடுத்தது பெயர் வியாபாரம். பிரவுன் டர்க்கி என்ற ஒரே பெயரில் இங்கிலாந்தில் ஒரு மரமும் கலிபோர்னியாவில் வேறொரு மரமும் இருக்கின்றன. இத்தாலியின் தொத்தாத்தோதான் கலிபோர்னியாவின் கடோட்டா. பெயரை எண்ணிச் சேர்ப்பவர் ஒரே மரத்தை மூன்று முறை விலை கொடுத்து வாங்குவார். எங்களிடம் எந்தக் கன்றும் யாரிடமிருந்து, எந்த ஆண்டு வந்தது என்ற வரலாற்றோடுதான் கைமாறும். பெயர் தெரியாத நல்ல மரத்துக்கு ஊர்ப்பெயரோ தெருப்பெயரோ வைப்போம். பொய்ப்பெயர் வைக்க மாட்டோம்.

வெளிநாட்டிலிருந்து வரும் மைத்துனர் பெட்டியில் நான்கு குச்சி ஒளித்துக் கொண்டுவருவதையும் ஏற்கமாட்டோம். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக்காப்பு ஆணைப்படி அனுமதியும் நலச்சான்றும் இல்லாமல் நடவுப் பொருள் கொண்டுவருவது குற்றம். சட்டத்தை விடுங்கள், இலையில் மஞ்சள் தேமல் பரப்பும் அத்தித் தேமல் நச்சுயிரி குச்சியோடு குச்சியாகவே பயணம் செய்யும். ஒருவர் ஆசைக்கு ஊர் மாடியெல்லாம் அனுபவிக்க முடியாது.

எதில் தொடங்குவது? நாற்றங்கால்களில் கிடைக்கும் பூனா அத்தி, பிரவுன் டர்க்கி, டயானா. நான்காவதாக, நம்பகமானவரிடம் கிடைத்தால், கண் மூடிய சிறு பழம் தரும் செலஸ்ட். முதல் ஆண்டில் நான்குக்கு மேல் வைக்கக் கூடாது என்பது எங்கள் விதி. மீறுவார்கள் என்பதும் தெரியும்.

குச்சி பென்சில் கனம், ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு. வெட்டியதும் வடியும் பால் நிற்கும்வரை நிழலில் வைத்து, மணலும் தென்னைநார்த் துகளும் கலந்த பையில் இரண்டு கணு புதைய நட வேண்டும். நம் வெப்பத்தில் மூன்று முதல் ஆறு வாரத்தில் வேர் ஓடும். வேருக்கு முன்னே இலை வந்துவிடும். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுத் தண்ணீரைக் கொட்டினால் குச்சி அழுகும். இலை குறைவு, தண்ணீர் குறைவு, நிழல் அதிகம். பால் தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் வரும். கவாத்தின்போது முழுக்கைச் சட்டை கட்டாயம், குழந்தைகளை அருகில் விடுவதில்லை.

பிறகு பதினைந்து இருபது லிட்டர் தொட்டி, இரண்டு ஆண்டில் ஐம்பது லிட்டர். ஈர மண்ணோடு அது 60 கிலோவை எட்டும் என்பதால் உத்தரத்தின் மேல், சுவர் ஓரமாக வைக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் முக்காலி அவசியம். அத்தி வேர் வடிகால் ஓட்டை வழியே இறங்கி மாடி விரிசலைத் தேடும். அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் அதைப் பார்த்துவிட்டால் இயக்கம் அங்கேயே கலைந்துவிடும். கறுப்புத் தொட்டி மே மாதத்தில் வேரை அவித்துவிடும். சுண்ணாம்பு அடிக்கவும், அல்லது கோணி சுற்றவும். கவாத்துக்குப் பின் வெயிலுக்குத் திறந்துவிட்ட தண்டுக்கும் சுண்ணாம்பு பூச வேண்டும், இல்லையென்றால் பட்டை வெந்து வெடித்து, தண்டுத் துளைப்பானுக்கு வாசல் திறந்துவிடும்.

கவாத்து எப்போது என்பதுதான் வெப்ப நாட்டு அத்தியின் சூட்சுமம். குளிர்நாட்டில் பனி இலையை உதிர்த்து மரத்துக்கு ஓய்வு கொடுக்கிறது. இங்கே அந்த வேலையைக் கத்தரியும் குறைத்த தண்ணீரும் செய்ய வேண்டும். புதுக் கிளையில்தான் முக்கியப் போகம் வரும் என்பதால் வெட்டும் மாதத்தை வைத்துப் பழுக்கும் மாதத்தை நாமே குறிக்கலாம். மராட்டிய விவசாயிகள் இதை வெகு காலமாகச் செய்கிறார்கள். மழைக்காலப் போகத்துக்குக் கட்டா பகார், கோடைப் போகத்துக்கு மீட்டா பகார் என்று பெயர். முதலாவது புளிப்பு, இரண்டாவது இனிப்பு. கடலோரத் தமிழகத்துக்கு எங்கள் நாள்காட்டி: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் தை மாதத்தில் கவாத்து, சித்திரை கடைசியிலிருந்து ஆனி வரை பழம், ஐப்பசியில் மரத்தில் காய் இல்லாமல் பார்த்துக்கொள்வது. தென்மேற்கு மழை பெறும் மாவட்டத்தார் தங்கள் மழையை வைத்து மாற்றிக்கொள்ளலாம்.

மழையோடு வருவது துருநோய். இலையின் அடியில் பழுப்புப் பொடி, பத்து நாளில் மரம் மொட்டை. மழைக்கு முன்பே போர்டோ கலவை அடித்தால் பெரும்பாலும் தப்பலாம்: லிட்டருக்கு மயில்துத்தம் 10 கிராம், சுண்ணாம்பு 10 கிராம், இரண்டையும் பிளாஸ்டிக் வாளிகளில் தனித்தனியே கரைத்துப் பிறகு கலக்க வேண்டும். கலவையில் இரும்புக் கத்தியை முக்கினால் செம்புநிறம் ஏறக் கூடாது; ஏறினால் இன்னும் சுண்ணாம்பு. பழுக்கும் பருவத்தில் அடிக்கவே கூடாது. உதிர்ந்த இலையைக் கூட்டி அப்புறப்படுத்துவது மருந்தைவிட முக்கியம். வேர்முடிச்சுப் புழு மணல் பாங்கான தரையில் அத்தியின் பெரிய எதிரி. தொட்டியில் வளர்ப்பதன் லாபங்களில் ஒன்று அதிலிருந்து விடுதலை. வாங்கிய கன்றின் வேரில் முடிச்சு தெரிந்தால் தொட்டிக்கு ஏற்றாமல் திருப்பிக் கொடுக்கவும். குயில், அணில், இரவில் வௌவால்: பழம் நிறம் திரும்பும் நாளில் ஒவ்வொன்றுக்கும் மெல்லிய துணிப்பை கட்டுங்கள். அணிலுடன் பேச்சுவார்த்தை கிடையாது.

உறுப்பினர் கட்டணம் இல்லை. ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை கவாத்துக் குச்சிகளைக் கொண்டுவந்து இலவசமாகக் கொடுக்க வேண்டும்; தேமல் கண்ட மரம் என்றால் சொல்லிவிட வேண்டும். வெட்டிய தேதி, முதல் காய், முதல் பழம், மழையில் வெடித்ததா, துரு எந்த வாரம் வந்தது, ருசி எப்படி என்று எழுதிய நோட்டும் உடன் வர வேண்டும். இரண்டு முழுக் கோடையில் ஒரு வகை தேறவில்லை என்றால் அதைத் தொகுப்பிலிருந்து நீக்குவோம், பெயர் எவ்வளவு பிரபலமாக இருந்தாலும்.

முதல் குச்சிப் பகிர்வு வரும் தை மாதம் கவாத்துக்குப் பின். ஈரக் கோணித்துணி, கத்தரி துடைக்க ஸ்பிரிட், அலுமினியத் தகட்டில் வெட்டிய பெயர்ச்சீட்டு, பென்சில் ஆகியவற்றோடு வரவும். மார்க்கர் பேனா வேண்டாம். ஒரு கோடை வெயிலில் எழுத்து அழிந்து, வைகாசிக்குள் எல்லா அத்தியும் பூனா அத்தி ஆகிவிடும்.