தலையை எண்ணினால் போதாது

1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டில் முக்குளித்த அமெரிக்கத் தம்பதியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியது. ஆட்களை எண்ணியதில் நேர்ந்த பிழை இரண்டு நாள் கழித்துத்தான் தெரியவந்தது. இருவரும் கிடைக்கவே இல்லை. அந்தச் சம்பவத்தைத் தழுவி 2003இல் வந்த 'ஓப்பன் வாட்டர்' திரைப்படம் உலகெங்கும் ஓடியது. படகுக்காரர் தலைகளை ஒழுங்காக எண்ணிவிட்டால் போதும், காணாமல் போனவரைத் தேடி எடுத்துவிடலாம் என்ற எண்ணம் ஸ்கூபா உலகில் இன்றும் பரவலாக இருக்கிறது. இது ஆபத்தான நம்பிக்கை. ஒருவர் குறைகிறார் என்பதை எண்ணிக்கை சொல்லும்; அவர் எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் மிதக்கிறார் என்பதைச் சொல்லாது.

பின்னால் நடந்தவற்றைப் பாருங்கள். 2008 மே மாதம் அதே பவளத்திட்டில் இருவர் நீருக்கு மேலே வந்தபோது படகு அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. படகில் இருந்தவர்களுக்கு அவர்களைத் தெரியவில்லை. சுமார் 19 மணி நேரம் கழித்து ஹெலிகாப்டர்தான் கண்டுபிடித்தது. 2014 பிப்ரவரியில் பாலி அருகே ஏழு ஜப்பானியப் பெண்கள் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டார்கள். ஐவரே உயிரோடு மீண்டார்கள். தேடுவது இவ்வளவு கடினமாவதற்குக் காரணம் எளிய கணக்கு. கழுத்தளவு நீரில் இருப்பவரின் தலை, அலைகளுக்கிடையே மிதக்கும் தேங்காய் அளவுதான் தெரியும். மணிக்கு இரண்டு கடல் மைல் வேக நீரோட்டம் ஒரு மணி நேரத்தில் அவரை 3.7 கிலோமீட்டர் தள்ளிவிடும். திசை தெரியாவிட்டால், நேரம் இரட்டிக்கும்போது தேட வேண்டிய பரப்பு நான்கு மடங்காகிறது.

ஆகவே தன் இடத்தைப் படகுக்குக் காட்டும் கருவிகளை முக்குளிப்பவர் ஒவ்வொருவரும் உடன் வைத்திருக்க வேண்டும். தேர்ந்தவருக்கு இதெல்லாம் தேவையில்லை என்பார்கள். பாலியில் காணாமல் போனவர்களில் பயிற்றுநர்களும் இருந்தார்கள். 2022 ஏப்ரலில் மலேசியாவின் மெர்சிங் கடலில் தொலைந்த நால்வரில் ஒருவர் பயிற்றுநர். மற்ற மூவரில் 14 வயதுச் சிறுவன் உயிரோடு திரும்பவில்லை. நீரோட்டம் சான்றிதழைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பதில்லை. செலவைக் காரணம் காட்டுவோரும் உண்டு. ஊதினால் ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் ஆரஞ்சு நிறக் குழாய் மிதவை, சூரிய ஒளியைத் தொலைவுக்குத் திருப்பும் கண்ணாடி, இரவுக்கு ஒரு மின்னும் விளக்கு: இம்மூன்றும் சேர்ந்தாலும் சுவாசக் கருவி வாங்கும் செலவில் சிறு பங்குதான். விசில் போதாதா என்றால், ஓடும் எஞ்சினுக்கு அருகில் நிற்பவர் காதில் அது விழாது.

எல்லாவற்றுக்கும் மின்னணுக் கருவி ஒன்றே போதும் என்பதும் அதே சோம்பலின் மறுமுகம். பி.எல்.பி. எனப்படும் தனிநபர் அவசர ஒலிபரப்பி, 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் காஸ்பாஸ்-சார்சாட் செயற்கைக்கோள்களுக்கு அபாயச் செய்தி அனுப்பும். குறைந்தது 24 மணி நேரம் இயங்கும். ஆனால் அந்தச் செய்தி கரையிலுள்ள மீட்பு மையத்துக்குப் போகிறது, பக்கத்தில் தேடிக்கொண்டிருக்கும் உங்கள் படகுக்கு அல்ல. ஏ.ஐ.எஸ். எனப்படும் தானியங்கி அடையாளக் கருவியோ சுற்றியுள்ள கப்பல்களின் திரையில் இடத்தைக் காட்டும். சில மைல்களுக்கு அப்பால் எட்டாது. பெரும்பாலான பி.எல்.பி.க்கள் ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்காதவை. அதற்கென்றே செய்த பெட்டிக்குள் வைத்துத்தான் கீழே கொண்டுபோக வேண்டும். எந்தக் கருவி இடத்தைக் காட்டினாலும் கடைசி சில நூறு மீட்டரில் மீட்பவர் கண்ணில் படுவதற்கு மிதவையும் விளக்கும் வேண்டும். ஒன்று இன்னொன்றுக்கு மாற்றாகாது.

படகுக்காரரின் பொறுப்பை இது குறைக்கவில்லை; தலைகளை எண்ணுவது அவர் கடமையாகவே இருக்கட்டும். அதோடு, காற்று உருளையைத் தருவது போலவே மிதவையையும் விளக்கையும் ஒவ்வொருவருக்கும் தந்து, அவற்றைக் கையாளப் பழக்கிய பிறகே நீரில் இறக்க வேண்டும். அந்தமானிலோ புதுச்சேரியிலோ முக்குளிக்கப் போகிறவர், பணம் கட்டுவதற்கு முன் இதைக் கேட்க வேண்டும். இல்லை என்று பதில் வந்தால் அந்தப் படகில் ஏறக் கூடாது.