மனு ரசீதும் முதல் தகவல் அறிக்கையும்

குற்றத்துக்கு ஆளான ஒருவர் நியாயம் கேட்டு முதன்முதலாகப் படியேறும் இடம் நீதிமன்றம் அன்று, காவல் நிலையமே. அங்கே ரைட்டர் மேஜையின் முன் நின்று அவர் சொல்லும் வார்த்தைகள் முதல் தகவல் அறிக்கையாகப் பதிவாகின்றனவா, அல்லது மனு ரசீது என்ற துண்டுக் காகிதத்தோடு முடிந்துவிடுகின்றனவா என்பதைப் பொறுத்தே, அரசியல் சாசனமும் சட்டப் புத்தகங்களும் அவருக்கு வாக்களித்திருக்கும் பாதுகாப்பு உயிர் பெறுவதும் ஏட்டளவில் கிடந்து போவதும் நிச்சயமாகின்றன.

தமிழ்நாட்டில் ‘சி.எஸ்.ஆர்.’ என்று சாமானியர் வாயிலும் வழங்கும் மனு ரசீதை நான் வேண்டாத பொருள் என்று சொல்லமாட்டேன். பத்திரம் தொலைந்துபோனதற்கும், வரப்புத் தகராறுக்கும், அண்டை வீட்டாரின் வாய்ச்சண்டைக்கும் அது போதுமானதாக இருக்கலாம். ஆனால், உங்கள் மனு எங்கள் கைக்கு வந்தது என்பதற்கு மேல் அந்த ரசீது எதற்கும் சாட்சி சொல்வதில்லை. முதல் தகவல் அறிக்கையோ அவ்வாறன்று. அது பதிவான மாத்திரத்தில் குற்றத்துக்கு ஓர் எண் ஏற்படுகிறது, அதன் பிரதி மாஜிஸ்ட்ரேட்டுக்குப் போகிறது, புலனாய்வு செய்யும் கடமை ஓர் அதிகாரியின் தலையில் ஏறுகிறது, அந்தப் புலனாய்வு எவ்விதம் முடிந்தாலும் அதை நீதிமன்றத்துக்குத் தெரிவித்தே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தமும் உண்டாகிறது. மனு ரசீதின் பேரில் நடப்பது பெரும்பாலும் இரு தரப்பாரையும் வரவழைத்து, ‘பேசி முடித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி அனுப்பும் ‘மனு விசாரணை’தான், அதை எந்த நீதிபதியும் பார்ப்பதில்லை.

சிற்றூர் ஒன்றின் காவல் நிலைய வாசலில், சித்தாள் வேலைக்குப் போய் ஜீவனம் நடத்தும் ஓர் அம்மாள் இத்தகைய ரசீதை நாலாய் மடித்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்ததைக் கண்டேன். அவர் வேலைக்குப் போயிருந்த வேளையில் யாரோ வீட்டுப் பூட்டை உடைத்து, பெண்ணின் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த சங்கிலியை எடுத்துப் போய்விட்டார்கள். “ஏட்டய்யா ரசீது குடுத்துட்டாருங்க; அப்ப கேஸ் போட்டாச்சுதானே, ஐயா?” என்று கேட்டார். வாங்கிப் பார்த்தேன். பூட்டு உடைந்த செய்தி அதில் இல்லை. வீட்டிலிருந்த நகையைக் காணவில்லை என்று ஒரே வரி இருந்தது. வீடு புகுந்து திருடுவது ஏழாண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். அது அந்தக் காகிதத்தில் கைமறதியாய் எங்கோ வைத்துவிட்ட பொருளின் கதையாக மாறியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அவர் அதைத் தெய்வப் பிரசாதம் போலப் பத்திரப்படுத்தியிருந்ததைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

இந்த விஷயத்தில் சட்டம் ஐயத்துக்கு இடம் வைத்திருக்கிறதா என்றால், இல்லை. உத்தரப் பிரதேசத்தில் மைனர் பெண்ணொருத்தி கடத்தப்பட்டாள் என்று அவள் தகப்பனார் எழுதிக் கொடுத்த புகாரைக் காவல் நிலையத்தார் கிடப்பில் போட்டார்கள். காவல் கண்காணிப்பாளரிடம் முறையிட்ட பிறகே வழக்குப் பதிவாயிற்று. அதன் பிறகும் பெண்ணை மீட்க முயற்சி நடக்கவில்லை. அந்த வழக்கு லலிதா குமாரி வழக்கு என்ற பெயரோடு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்று, ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வின் முன் வந்தது. ஈரோடு மாவட்டத்துக் கிராமமொன்றில் பிறந்து இந்தியாவின் தலைமை நீதிபதியாக உயர்ந்த ப. சதாசிவம் தலைமையில் அந்த அமர்வு 2013 நவம்பர் 12-ஆம் தேதி தீர்ப்பு வழங்கிற்று. வாரண்டின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததைப் புகார் காட்டுமானால் அதைப் பதிவு செய்வது கட்டாயம். அது மெய்யா பொய்யா என்று ஆராய்ந்து பார்த்துப் பதிவு செய்வோம் என்று சொல்ல அதிகாரிக்கு உரிமையில்லை. பதிவு செய்ய மறுப்பவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். குடும்பத் தகராறு, வர்த்தகக் குற்றம், மருத்துவக் கவனக்குறைவு, ஊழல், மிகவும் காலந்தாழ்ந்து வந்த புகார் போன்ற சிலவற்றுக்கு மட்டும் குறுகிய பூர்வாங்க விசாரணைக்கு அந்தத் தீர்ப்பு இடம் கொடுத்தது.

இவ்வளவு தெளிவான தீர்ப்புக்குப் பின்னும் காவல் நிலையங்கள் ரசீதையே ஏன் நீட்டுகின்றன? எந்த நிலையத்தில் வழக்கு எண்ணிக்கை ஏறுகிறதோ அந்த நிலையத்து அதிகாரியைத் திறமையற்றவர் என்று மேலிடம் எண்ணும் வழக்கம் இருக்கும்வரை, குற்றத்தைக் குறைப்பதைவிடக் குற்றப் பதிவைக் குறைப்பதே சுலபமான உபாயமாக அவருக்குத் தோன்றும். பதிவு கூடுவது ஒரு நிலையத்தின் மீது ஜனங்களுக்குள்ள நம்பிக்கையின் அடையாளமாகவும் இருக்கக்கூடும் என்பதை உயரதிகாரிகள் மனப்பூர்வமாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பொய்ப் புகார் பெருகிவிடும், நிரபராதிகள் அவதிப்படுவார்கள் என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. அந்தக் கவலையை அலட்சியம் செய்யலாகாது; ஊர்ப் பகைக்கும் சாதிப் பகைக்கும் வழக்கை ஆயுதமாக்குவோரை நாம் அறிவோம். ஆனால் பதிவு வேறு, கைது வேறு. ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் யாந்திரிகமாகக் கைது செய்யக்கூடாது, முதலில் ஆஜராகும்படி அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014-இலேயே உச்ச நீதிமன்றம் விதித்திருக்கிறது. பொய்த் தகவல் கொடுப்பவரைத் தண்டிக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. பொய்யர் சிலருக்காக, மெய்யாகவே துன்புற்று வருபவர் அனைவரையும் வாசலிலேயே திருப்பி அனுப்புவது நியாயமாகாது.

2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்னும் புதிய நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு இவ்விஷயத்தில் நன்மையும் தீமையும் கலந்ததாக இருக்கிறது. குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்பதும், மின்னணு வழியாக அனுப்பிவிட்டு மூன்று நாளுக்குள் கையொப்பம் இடலாம் என்பதும் வரவேற்கத்தக்கவை. ஆனால் மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனை உடைய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளர் அனுமதியோடு, பதினான்கு நாள் வரை பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. சாதாரணத் திருட்டுக்கும் சங்கிலிப் பறிப்புக்கும் உச்ச தண்டனை மூன்றாண்டு. ஆகவே ஏழை எளியோர் அன்றாடம் படும் நஷ்டங்கள் பல இந்த வரம்புக்குள் வந்துவிடுகின்றன. பதினான்கு நாளுக்குள் கடைத்தெருக் கேமராவின் பதிவு அழிந்துபோகலாம், அடகுக்கடைக்குப் போன நகை உருக்கப்பட்டுவிடலாம். அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும், அதன் பிரதி புகார் கொடுத்தவர் கைக்கும் வரவேண்டும் என்றாவது மாநில அரசாங்கம் உத்தரவிடுதல் அவசியம்.

புகார் கொடுக்கப் போகிறவர் சில சங்கதிகளை மனத்தில் இருத்திக்கொள்வது நலம். வாய்மொழியாகச் சொன்னாலும் அதிகாரி அதை எழுதி, வாசித்துக் காட்டி, அதன் பிறகே கையொப்பம் வாங்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் பிரதியைக் காசு வாங்காமல் கொடுக்க வேண்டும். மறுத்தால் புகாரைக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் பயனில்லையென்றால் பிரமாணப் பத்திரத்துடன் மாஜிஸ்ட்ரேட்டிடம் மனுச் செய்யலாம். பாலியல் பலாத்காரம், அமில வீச்சு போன்ற கொடுமைகளைப் பற்றிய தகவலைப் பதிவு செய்யாத அதிகாரிக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத கடுங்காவல் தண்டனை என்று புதிய தண்டனைச் சட்டத்தின் 199-ஆம் பிரிவு கூறுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி வரும் புகாருக்குப் பூர்வாங்க விசாரணை தேவையே இல்லை என்று 2018-இல் நாடாளுமன்றம் திருத்தம் செய்திருக்கிறது.

மாஜிஸ்ட்ரேட்டிடம் போவதற்கு வக்கீல் வேண்டும், வக்கீலுக்குப் பணம் வேண்டும் என்று நினைத்துப் பாதியில் நின்றுவிடுபவர்களே அதிகம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு, அவர்களுடைய வருமானம் எவ்வளவாயினும், இலவச சட்ட உதவி பெறும் உரிமையை 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் அதிகாரக் குழுச் சட்டம் கொடுத்திருக்கிறது. தாலுகா நீதிமன்ற வளாகங்களில் அதற்கென்று குழுக்களும் இருக்கின்றன. 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தும் கேட்கலாம். நான் சந்தித்த அம்மாளுக்கு இவற்றில் ஒன்றேனும் தெரிந்திருக்கவில்லை. தெரிவிக்க வேண்டியவர்கள் தெரிவிக்கவும் இல்லை.

ஆகையால் அரசாங்கத்தினிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. மனு ரசீதின் பின்புறம் வெற்றிடமாகக் கிடக்கிறது. ‘இது முதல் தகவல் அறிக்கை அன்று. உங்கள் புகார் வழக்காகப் பதிவாகவில்லையென்றால் எழுத்தில் காரணம் கேளுங்கள், கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள், அதன் பிறகு மாஜிஸ்ட்ரேட்டிடம் செல்லலாம், வக்கீல் இலவசமாகக் கிடைப்பார்’ என்று, கண்காணிப்பாளர் அலுவலக முகவரியோடும் தாலுகா சட்டப் பணிகள் குழுவின் தொலைபேசி எண்ணோடும், பெரிய எழுத்தில் அங்கே அச்சிடலாம், ரசீதைக் கொடுக்கும் காவலரே அதை உரக்கப் படித்துக் காட்டவேண்டும் என்ற விதியையும் சேர்க்கலாம்.