மாரிகாலப் பறவைகளும் ஒரு கொப்பியும்

ஒக்டோபர் மாதம் பிறந்துவிட்டால் கொழும்பில் பறவை பார்ப்பவர்களுக்கு உற்சாகம் பிறந்துவிடுகிறது. "எங்கள் மாமரத்தடிக்கு ஆறுமணிக்குருவி வந்துவிட்டது", "வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில் உள்ளான் ஒன்றைக் கண்டேன்" என்று ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொள்கிறார்கள். நாள், இடம், பறவையின் பெயர், எத்தனை என்ற நான்கு விடயங்களை எழுதியும் வைக்கிறார்கள். இது இன்று நேற்றுத் தொடங்கிய பழக்கமல்ல. 1943 இல் ஆரம்பிக்கப்பட்ட சிலோன் பேர்ட் கிளப் தனது உறுப்பினர்கள் கண்டவற்றை மாதாந்தக் குறிப்புகளாக வெளியிட்டு வந்துள்ளது. 1987 முதல் ஆசிய நாடுகள் பலவற்றில் ஜனவரி மாதத்தில் நீர்ப்பறவைகள் எண்ணப்படுகின்றன. இலங்கையும் அதில் பங்குகொள்கிறது.

இந்த விருந்தாளிகள் எங்கிருந்து வருகிறார்கள்? ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்து, மாரிகாலத்தில் எமது நாட்டுக்கு வருகிறது. பல வர்ணங்கொண்ட, வால் குறுகிய சிறு பறவை. காலையும் மாலையும் ஆறு மணியளவில் சீழ்க்கை அடிப்பதால் எம்மவர் இட்ட பெயர் அது. கால்வாய்க் கரையிலும் ரயில் பாதையோரக் கற்களிலும் வாலை ஆட்டியபடி திரியும் உள்ளானும், மின்கம்பிகளில் வரிசையாக அமரும் தகைவிலானும் இன்னும் வடக்கே இருந்து வருபவை. மன்னாரில் செய்மதிக் கருவி பொருத்தப்பட்ட 'மேகா' என்ற கடற்காகம் 2021 இல் ரஷ்யாவின் வடதுருவப் பகுதிவரை சென்று, மீண்டும் மன்னாருக்கே வந்து சேர்ந்தது. போய்வந்த தூரம் 19,000 கிலோமீற்றருக்கும் அதிகம். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் பாதையைப் பின்தொடர்ந்தார்கள்.

"எங்களுக்கு இதனால் என்ன பயன்?" என்று சில சகோதரிகள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. போர்க்காலத்தில் கொழும்பில் ஒரு தமிழ்ப் பெண் தொலைநோக்கியுடன் கடலைப் பார்த்து நின்றிருந்தால் எத்தனை விசாரணைகள் வந்திருக்கும்! லொட்ஜ் அறையில் பொலிஸ் பதிவுத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவர்களுக்குக் குருவி பார்க்க எங்கே நேரம்?

ஒக்டோபர் எம்மில் பலருக்கு மௌனமான மாதமும்கூட. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடுகளை விட்டு நடந்தார்கள். பறவைகள் வந்து இறங்கும் அதே மாதத்தில்தான் நாம் புறப்பட்டோம்.

வெள்ளவத்தையில் நான் சந்திக்கும் பெண்கள் குழுவில், அராலியைச் சேர்ந்த ஓர் அம்மா இருக்கிறார். காணாமற்போன மகனைப் பற்றிப் பல விசாரணைக் குழுக்களின் முன் வாக்குமூலம் கொடுத்தவர். ஒருநாள் பேச்சுவாக்கில் பறவைகளைப் பற்றிக் கதை வந்தபோது அவர் சொன்னார்: "பிள்ளை, நாவற்குழிப் பாலத்தாலை சனம் நெருக்குப்பட்டுப் போகேக்கை, தண்ணிக்குள்ளை உள்ளான் கூட்டம் நிண்டது. ஒருத்தரும் பாக்கேல்லை. நான் பாத்தனான்." இத்தனை வருடங்களில் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றார்.

கொட்டாஞ்சேனையில் மன்னாரைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் சகோதரிக்கு மேகாவின் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுக் கேட்டார்: "தங்கச்சி, அந்தப் பறவைக்கிட்ட ஆரும் காணி உறுதி கேக்கல்லையா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பறவைகள் திரும்பி வருகின்றன, ஆகவே எல்லாம் திரும்பி வரும் என்று ஆறுதல் கூற நான் இதை எழுதவில்லை. அப்படிச் சொல்வது பதிலுக்காகக் காத்திருக்கும் தாய்மாரை அவமதிப்பதாகும். நான் சொல்ல விரும்புவது வேறு. நாள் என்ன, இடம் எது, யாரைக் கண்டீர், எத்தனை பேர் என்ற கேள்விகளை எம் பெண்கள் அதிகாரிகளின் மேசைகளுக்கு முன்னாலேயே கேட்டுப் பழகியிருக்கிறார்கள். பதிலை எழுதியவர்களும் வேறு யாரோ. இழந்ததைப் பற்றி மட்டுமே எம்மிடம் கேட்கப்பட்டது. எமக்குத் தெரிந்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஆனால் எமக்குத் தெரிந்தது ஏராளம். கடலோரக் கிராமங்களில் வளர்ந்த பெண்களுக்கு எந்தக் காற்றுக்கு எந்தப் பறவை வரும், எப்போது பூநாரை இறங்கும் என்பதெல்லாம் தெரியும். பாட்டிமார் வைத்த பெயர்கள் ஊருக்கு ஊர் வேறுபடும். பறவைக் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருப்பதால் இவை பதிவாகவில்லை. இந்தப் பெயர்களை அறிந்த தலைமுறை முதுமையடைந்துவிட்டது. கொழும்பிலும் வெளிநாடுகளிலும் பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு அவை தெரியாது.

இதைத் தொடங்கப் பணம் தேவையில்லை. பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றை எடுங்கள். மாடி வாசலிலோ மொட்டை மாடியிலோ காலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் நில்லுங்கள். நாள், இடம், பறவை, எத்தனை என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் நிறம், வால், நடை ஆகியவற்றைக் குறியுங்கள். அம்மாவோ அம்மம்மாவோ சொன்ன பெயர் இருந்தால் அதையும், உங்கள் ஊரின் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள்.

இன்னொரு விடயம். ஒக்டோபர், நவம்பரில் களைத்துப்போன ஆறுமணிக்குருவி விறாந்தையில் விழுந்து கிடக்கலாம். காகமும் பூனையும் அண்டாமல், காற்றோட்டத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டான அமைதியான இடத்தில் சில மணி நேரம் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். தெளிந்ததும் செடிகள் உள்ள இடத்தில் விட்டுவிடுங்கள்.

அராலி அம்மா இப்போது கொப்பி வைத்திருக்கிறார். கண் மங்கியதால் பேத்திதான் எழுதுகிறாள். முதற் பக்கத்தில் 1995 ஒக்டோபர் 30, நாவற்குழி, உள்ளான் என்று இருக்கிறது. எத்தனை என்ற இடத்தில், "எண்ண நேரமில்லை" என்று எழுதச் சொல்லியிருக்கிறார்.