முயலகனும் தாடையெலும்பும்

காங்கேசன்துறையில் நாம் மிதித்து நடப்பது சுண்ணக்கல். அக்கல்லை நம்பியே 1950ஆம் ஆண்டில் இங்குச் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்து, 1990 வரை இயங்கிற்று. எங்கள் கிணற்று நீரிலும் சுண்ணம் கரைந்துளது; வெயிலுக்கும் குறைவில்லை. இத்தகைய மண்ணிற் பிறந்த ஒருவருக்கு எலும்பிலே சுண்ணம் குன்றும் என்றால் நம்புதல் அரிது. என்னை நம்பவைத்தவன் ஒரு மாணவன்.

சில ஆண்டுகளின் முன் என்னிடம் பாடங்கேட்ட அவன், செய்யுள் படிக்கும்போது கையால் வாயை மறைப்பான். முரசு பல்லின்மேல் தடித்து வளர்ந்திருந்தது, இரத்தமும் கசிந்தது. பல் துலக்காத குற்றம் என்றெண்ணி வகுப்பறிய அவனைக் கடிந்தேன். ஒரு கிழமைக்குள் அவன் வலிப்புற்று வீழ்ந்தான். "நீங்கள் ஏசினதிலை குளிசையை நிப்பாட்டிப்போட்டான், ஐயா" என்றார் தாயார். முரசு தடித்தது அக்குளிசையால் என்பதை அவர் அறிந்திருந்தார், நான் அறியேன்.

வலிப்புக்கு முயலகன் என்றொரு பழம்பெயர் உண்டு. கொல்லிமழவன் மகளைப் பற்றிய முயலகனைத் திருப்பாச்சிலாச்சிராமத்தில் ஞானசம்பந்தர் தீர்த்தமையைப் பெரியபுராணம் பேசும். முயலகன் கூத்தன் திருவடியின்கீழ் அடங்கிக் கிடப்பவன், இறந்தவன் அல்லன். இக்கால மருந்துகளும் அவ்வாறே நோயை அடக்கிவைப்பன. மருந்தைத் திடீரென நிறுத்துவோர்க்கு ஓயாத வலிப்பு வந்து, உயிருக்கே இடராதலும் உண்டு.

ஆயினும் மருந்துக்கும் ஒரு விலை உளது. பீனைற்றோயின் வலிப்பை அடக்கும் என மெரிற், பற்னம் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் 1938இல் வெளிப்படுத்தினர். அது முரசைத் தடிக்கச் செய்யும் என்பது மறு ஆண்டிலேயே அறியப்பட்டது. தடித்த முரசின்கீழ் உணவுத் துகளும் கிருமியும் தங்கின், பல்லைத் தாங்கும் தாடையெலும்பு அரிக்கப்படும். வேறொரு வழியும் உண்டு. பீனைற்றோயின், பீனோபாபிற்றோன், காபமசெப்பீன் ஆகியவை ஈரலின் நொதியங்களைத் தூண்டி, விற்றமின் டியை விரைந்து சிதைக்கச் செய்கின்றன. அது குறையின் உணவிலுள்ள கல்சியத்தைக் குடல் செவ்வனே ஏற்காது. குருதிக்கு வேண்டியதை உடல் எலும்பிலிருந்தே எடுக்கும். உடலெங்குமுள்ள எலும்புக்கு நேர்வது தாடைக்கும் நேரலாம். எல்லார்க்கும் நேர்வதன்று, நெடுங்காலம் உண்பவர்க்கே அச்சம் மிகுதி.

இதனாற் குளிசையை எறிதல் அறிவாகாது, மறைத்தலும் அறிவாகாது. கலியாணப் பேச்சுக் குழம்பும் என்றஞ்சிப் பல் வைத்தியரிடமும் நோயை ஒளிக்கும் குடும்பங்கள் நம்மிடை உள. அவரிடம் மருந்தின் பெயரைச் சொல்லவேண்டும். மருந்து தருபவரிடம் முரசைக் காட்டவேண்டும். குருதியில் விற்றமின் டி அளவை அறியலாம்; குறையை நிரப்பலாம்; வேண்டுமிடத்து வைத்தியர் மருந்தையும் மாற்றுவர். நாள்தோறும் செவ்வையாகப் பல் துலக்குதல் முரசின் தடிப்பைக் குறைக்கும்.

தமிழ்ப் பண்டிதனுக்கு இதில் என்ன வேலை என்பார் உளர். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த கிறீன், உடலமைப்பை விளக்கும் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் நூலை 1872இல் தமிழில் தந்தார். அந்நூல் பிறந்த நாட்டில், குளிசையின் குணமும் குற்றமும் எழுதிய நல்ல தமிழ்த் தாளொன்று குளிசையோடு தாய்மார் கையிற் சேரவேண்டும். வைத்தியர் பொருள் சொல்ல, அதைத் தமிழில் எழுதிக் கொடுப்பது எம்போன்றார் கடமை. ஆசிரியர் யாவரும் செய்யத்தக்கது இன்னும் எளிது. வாயை மறைக்கும் பிள்ளையை ஏசுமுன், தனியே அழைத்துக் காரணம் கேட்டல் வேண்டும். நான் கேட்டிலேன்.