உரைத்துப் பார்க்க வேண்டாமா?

பொன்னை உரைத்துப் பார்க்காமல் வாங்கலாகாது என்பதைத் தமிழ் மக்களுக்கு எவரும் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை. சாரத்துக்கு அருகிலுள்ள தட்டாஞ்சாவடி, தட்டாரின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கிறது. உரைகல்லில் கீறி, தரம் தெரிந்த ஆணியோடு ஒத்துப் பார்த்து, இன்ன மாற்று என்று சொல்வது அவர்கள் தொழில். அந்தப் பழைய வழக்கத்தைச் சர்க்கார் இப்பொழுது சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. 2021ஆம் வருஷம் ஜூன் 23ஆம் தேதி முதல் தேசத்தின் பல மாவட்டங்களில் தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரை கட்டாயமாயிற்று. நகை ஒவ்வொன்றுக்கும் ஆறு இலக்கத் தனி அடையாளமும் வந்துவிட்டது. நல்ல காரியந்தான். ஆனால், கழுத்துச் சங்கிலிக்கு இத்தனை காவல் வைத்த தேசம், ஆகாய விமானத்திலும் அணுமின் நிலையத்திலும் ஆஸ்பத்திரியின் சுவாச யந்திரத்திலும் உயிர்களைத் தாங்கி நிற்கும் மின்னணுச் சில்லுகளுக்கு என்ன காவல் வைத்திருக்கிறது? இதுவே நாம் கேட்க விரும்பும் கேள்வி.

போலிச் சில்லு எப்படி உண்டாகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது நலம். பல தேசங்களில் கழித்துத் தள்ளப்பட்ட கம்ப்யூட்டர்களும் கருவிகளும் சீன தேசத்துக் குவாங்டாங் மாகாணத்தில் சாந்தோ முதலிய இடங்களில் வந்து குவிந்தன. அங்கே பலகைகளைக் கரி நெருப்பின்மேல் வாட்டிச் சில்லுகளை உதிர்த்தார்கள். ஆற்று நீரில் கழுவித் தெருவில் உலர்த்தினார்கள். மேற்பரப்பில் இருந்த பழைய பெயரைத் தேய்த்து அழித்து, கறுப்புப் பூச்சுப் பூசி, புதிய பெயரும் புதிய தேதியும் அச்சிட்டார்கள். இப்படிக் கிழவனுக்குச் சாயம் பூசி இளைஞனென்று விற்பது ஒரு வகை. வீட்டுச் சாமான்களுக்கென்று செய்த மலிவான சில்லை இராணுவத் தரம் என்று பெயர் மாற்றுவது இன்னொரு வகை. தொழிற்சாலை தள்ளிய குறைச் சரக்கைப் பின்வாசல் வழியாக விற்பது மூன்றாவது வகை.

இது வெறும் பயமன்று. 2012ஆம் வருஷம் மே மாதத்தில் அமெரிக்க செனெட் சபையின் இராணுவக் கமிட்டி வெளியிட்ட அறிக்கை, 2009, 2010 ஆகிய இரண்டு வருஷங்களில் மாத்திரம் சுமார் 1,800 சந்தேகக் கேஸ்களையும், அவற்றில் அடங்கிய பத்து லக்ஷத்துக்கு மேற்பட்ட பாகங்களையும் எடுத்துக் காட்டிற்று. சி-130ஜே விமானத்தில் விமானி பார்க்கும் திரையில் போலி நினைவகச் சில்லுகள் அகப்பட்டன. பி-8ஏ கடற்கண்காணிப்பு விமானத்தில் பனிக்கட்டி உறைவதை அறிவிக்கும் கருவிக்குள், பழசைப் புதுசாக்கிய பாகம் இருந்தது. அமெரிக்க சர்க்காரின் தணிக்கை ஸ்தாபனம் ஒரு கற்பனைக் கம்பெனியின் பெயரில் பதினாறு பாகங்களை வாங்கிப் பார்த்தது. பதினாறில் ஒன்றுகூட அசலாக இல்லை. அவற்றில் நான்கு, உலகத்தில் எவரும் செய்திராத பொய் எண்களைக் கொடுத்துக் கேட்டவை. இல்லாத பொருளைக் கேட்டாலும் ‘இதோ இருக்கிறது’ என்று அனுப்பிவைக்கும் வியாபாரத்தை என்னவென்று சொல்வது!

அமெரிக்காவின் கஷ்டம் நமக்கென்ன என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. சி-130ஜே இனத்து விமானங்கள் 2011 முதல் நம் விமானப் படையில் இருக்கின்றன. பி-8ஐ என்ற, அதே குடும்பத்து விமானங்கள் 2013 முதல் அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து பறக்கின்றன. அவற்றில் போலி இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. பணமும் படிப்பும் பரிசோதனைச் சாலைகளும் நிறைந்த தேசத்தையே ஏமாற்றிய சந்தையில்தான் நாமும் வாங்குகிறோம் என்று மாத்திரம் சொல்லுகிறோம்.

காகிதச் சான்று இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் கொள்ளக்கூடும். 2012 நவம்பரில் தென் கொரியா தன் யோங்வாங் அணுமின் நிலையத்தில் இரண்டு உலைகளை நிறுத்த நேர்ந்தது. எட்டு வியாபாரிகள் அறுபது பொய்த் தரச் சான்றுகளைக் கொடுத்து, பியூஸ், சுவிட்சு முதலிய 7,682 பாகங்களைப் பல வருஷங்களாகத் தள்ளிவந்தது அம்பலமாயிற்று. சான்றுகள் ஒழுங்காகவே கோப்பில் இருந்தன! இங்கும், தனுஷ் பீரங்கிக்கென வாங்கிய பேரிங்குகள் ‘ஜெர்மனியில் செய்தவை’ என்று முத்திரையிட்ட சீனச் சரக்கு என்று குற்றஞ்சாட்டி, 2017 ஜூலையில் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிவு செய்தது. பேரிங்கு மின்னணுச் சில்லல்ல. ஆனால் ஏமாற்றின் வழி ஒன்றே. புதுவைக்கும் சென்னைக்கும் நடுவே, நம் கடற்கரையிலேயே கல்பாக்கம் இருக்கிறது. கொரியாவின் பாடம் நமக்கு வெகு தூரத்துப் பாடமல்ல.

ஆகவே முத்திரையை நம்பாமல் பொருளையே பார்க்கவேண்டும். அதற்கு வழிகள் உண்டு. முதலில் பூதக்கண்ணாடியில் எழுத்தையும் மேற்பரப்பையும் கால்களையும் ஆராய்வார்கள். அசிட்டோன் போன்ற திரவத்தால் துடைத்தால் சில பூச்சுகள் கரைந்து பழைய தேய்ப்பு வெளிப்படும். எக்ஸ்ரேயில் உள்ளிருக்கும் சிலிக்கன் துண்டும் கம்பிகளும் அசலைப் போலவே அமைந்திருக்கின்றனவா என்று தெரியும். மற்றொரு கருவி, கால்களில் பூசிய உலோகம் ஈயமா, தகரமா என்று சொல்லிவிடும். சிலவற்றை அமிலத்தால் திறந்து, உள்ளே செய்தவர் பொறித்த குறியைப் படிப்பார்கள். கடைசியாக, மைனஸ் 55 டிகிரிக் குளிரிலும் 125 டிகிரி வெப்பத்திலும் மின்சாரம் செலுத்தி ஓட்டிப் பார்ப்பார்கள். மின்சாரப் பரீட்சை ஒன்றே போதாது. பழைய சில்லு இன்று பரீட்சையில் தேறிவிட்டு ஆறு மாதத்தில் நடுவானில் கைவிடக்கூடும். இவற்றுக்கெல்லாம் அசல் மாதிரி ஒன்று கையில் இருக்கவேண்டும். தட்டாருக்கு ஆணி எப்படியோ, பரிசோதகருக்கு அந்த மாதிரி அப்படி.

செய்தவரிடமிருந்தோ அவருடைய அங்கீகார ஏஜெண்டிடமிருந்தோ நேராக வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லையே என்பது நியாயமான ஆக்ஷேபம். கூடியவரையில் அப்படித்தான் வாங்கவேண்டும். ஆனால் விமானமும் ரயில் சிக்னலும் முப்பது வருஷம் உழைக்கின்றன. அவற்றிலுள்ள சில்லைச் செய்தவர் சில வருஷங்களில் நிறுத்திவிடுகிறார். அதன்பின் தரகரைத் தவிர வேறு கதியில்லை. 2020க்குப் பின் உலகமெங்கும் சில்லுப் பஞ்சம் வந்தபோது புதுச் சரக்குக்கும் தரகரிடமே பலர் ஓட நேர்ந்தது. இதற்குமேல், எவன் குறைந்த விலை சொன்னானோ அவனுக்கே காண்டிராக்ட் என்ற நம் டெண்டர் முறையும் சேர்ந்துகொள்கிறது. நாணயமுள்ள வியாபாரி தோற்று, போலி வியாபாரி ஜயிப்பதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறு வேண்டுமா?

மத்திய சர்க்கார் சில்லுத் தொழிலுக்காக 2021இல் 76,000 கோடி ரூபாயும், மின்னணு உறுப்புகள் செய்வதற்காக 2025 மார்ச்சில் 22,919 கோடி ரூபாயும் திட்டமிட்டது. சுதேசித் தொழில் வளர்வதில் நமக்குள்ள சந்தோஷத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் செய்வதற்குக் காட்டும் தாராளத்தைச் சோதிப்பதற்கும் காட்டவேண்டும். போலி மலிந்த சந்தையில் முதலில் சாகிறது நம்முடைய நல்ல சரக்குத்தான்.

செய்யவேண்டியவை நான்கு. உயிர் காக்கும் யந்திரங்களுக்கு வாங்கும் சில்லு, செய்தவரிடமிருந்து வந்த வழி தெரிந்ததாக இருக்கவேண்டும். இல்லையேல் பரீட்சையில் தேறியதாக இருக்கவேண்டும். இதை டெண்டரிலேயே எழுதிவிடவேண்டும். விற்பவனுக்கும் வாங்குகிறவனுக்கும் கட்டுப்படாத பொதுப் பரிசோதனைச் சாலைகள், சிறு தொழிலாளர் கட்டக்கூடிய கட்டணத்தில் வேண்டும். அகப்பட்ட போலியை மூடி மறைக்காமல், எல்லாரும் பார்க்கும்படி பதிவேட்டில் ஏற்றவேண்டும். திருப்பி அனுப்பினால் அது வேறொருவன் தலையில்தான் விழும். கழித்த மின்னணுக் குப்பையிலிருந்து சில்லுகள் மீண்டும் சந்தைக்குப் போகாதபடி உடைத்து அழிக்கவேண்டும்.

இவற்றில் இரண்டாவதைப் புதுவையிலேயே தொடங்கலாம். தட்டாஞ்சாவடியில் தொழிற்பேட்டை இருக்கிறது. பிள்ளைச்சாவடியில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. படித்துவிட்டு வேலை தேடி வெளியூர் போகும் இளைஞர்களும் இருக்கிறார்கள். புதுவை அரசாங்கம் மனம் வைத்து மத்திய சர்க்காரிடம் கேட்டால் இது பெரிய காரியமல்ல. நம் பிரதிநிதிகளிடம் இதைக் கேட்பது வாசகர்கள் கடமை. சாரமும் சக்கையும் ஒரே முத்திரையோடு சந்தைக்கு வரும் காலம் இது. உரைத்துப் பார்க்கிற தேசமே பிழைக்கும்.